அமியோடரோன் டிரிப்: ஆம்பூல் உடைப்பதற்கு முன்பிருந்து வீடு திரும்பும் நாள் வரை

இரவு டூட்டியில் டாக்டர் எழுதிவிட்டு நகர்ந்த பிறகும் நான் இரண்டாம் முறை படிக்கிற ஆர்டர் ஒன்று உண்டு. தாறுமாறான இதயத் துடிப்பை அடக்கும் மருந்துக்கான ஆர்டர் அது. அமியோடரோன் 150 மி.கி. பத்து நிமிடத்தில், பிறகு ஆறு மணி நேரத்துக்கு நிமிடத்துக்கு 1 மி.கி.; பிறகு பதினெட்டு மணி நேரத்துக்கு நிமிடத்துக்கு அரை மி.கி. எழுத அரை நிமிடம் போதும். தவறில்லாமல் உடம்புக்குள் செலுத்தி முடிக்க ஒரு முழு நாள் ஆகும். அந்த நாளில் மூன்று ஷிஃப்ட் மாறும், பாட்டில் மாறும், சில நேரம் மருந்தை அளந்து செலுத்தும் பம்பும் மாறும். இந்த மருந்தில் நான் பார்த்த தவறுகள் பெரும்பாலும் அந்த மாறுதல்களின் இடுக்கில் நுழைந்தவை.

இதய சிகிச்சைப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் செவிலியர்களையும் ஹவுஸ் சர்ஜன்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். ஐ.சி.யூ. வாசலில் உட்கார்ந்திருக்கும் உறவினர்களுக்கும் சில பகுதிகள் உதவும். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது வீட்டிலோ சின்ன கிளினிக்கிலோ போடும் ஊசி அல்ல. இதயத் துடிப்பு மானிட்டரும், ஷாக் கொடுக்கும் டிஃபிப்ரிலேட்டரும், அவற்றைக் கையாளத் தெரிந்த ஆளும் இல்லாத இடத்தில் இந்த ஆம்பூலை, அதாவது மருந்துள்ள சின்னக் கண்ணாடிக் குப்பியை, உடைக்கவே கூடாது. கீழே வரும் அளவுகள் பெரியவர்களுக்கு வழக்கத்தில் உள்ளவை. உங்கள் நோயாளிக்கு எவ்வளவு என்பதை டாக்டரின் ஆர்டரும் உங்கள் மருத்துவமனையின் நெறிமுறையும்தான் சொல்ல வேண்டும்.

இது என்ன மருந்து?

எகிப்திலும் மத்திய தரைக்கடல் ஓரத்திலும் வளரும் அம்மி விஸ்னாகா என்ற செடியின் விதையில் கெல்லின் என்ற பொருள் இருக்கிறது. அது இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களைத் தளர்த்துகிறது என்பதை 1940-களில் கெய்ரோவில் கவனித்தார்கள். அந்த வழியில் தேடிப்போன பெல்ஜிய வேதியியலாளர்கள் 1961-இல் உருவாக்கியதுதான் அமியோடரோன். முதலில் நெஞ்சுவலி மருந்தாகத்தான் வந்தது. தாறுமாறான இதயத் துடிப்பையும் அடக்குகிறது என்பது பிறகுதான் புரிந்தது. அமெரிக்காவில் மாத்திரைக்கு 1985-லும் ஊசிக்கு 1995-லும் அனுமதி கிடைத்தது.

இன்று இரண்டு நிலைமைகளில் இதை அதிகம் பார்க்கிறோம். ஒன்று, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். இதயத்தின் மேலறைகள் ஒழுங்கின்றி நடுங்க, நாடி 140, 160 என்று ஓடும் நிலை. இன்னொன்று, கீழறைகளில் பிறக்கும் ஆபத்தான வேகத் துடிப்பு. வார்டில் வி.டி. என்போம். இதயம் நின்று, நெஞ்சை அழுத்தி உயிர் மீட்கும் சி.பி.ஆர். நடக்கும்போது போடுவது மூன்றாவது. அதைத் தனியாகச் சொல்கிறேன்.

மருந்தின் எடையில் 37 சதவீதத்துக்கு மேல் அயோடின். ஒரு 150 மி.கி. ஆம்பூலில் மட்டும் ஏறக்குறைய 56 மி.கி. ஒரு பெரியவருக்கு நாளொன்றுக்குத் தேவையான அயோடின் 150 மைக்ரோகிராம்தான். தைராய்டு பரிசோதனையை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறார்கள் என்பது இந்தக் கணக்கிலேயே தெரிந்துவிடும்.

முதல் படி: ஆம்பூலைத் தொடுவதற்கு முன் நோயாளியைப் பாருங்கள்

துடிப்பு வேகமாக இருக்கிறது, கூடவே பி.பி. விழுந்துவிட்டது, அல்லது நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், நினைவு மங்கல் இருக்கிறது என்றால் முதலில் யோசிக்க வேண்டியது டிரிப் அல்ல, மின் ஷாக். டாக்டரை உடனே வரவழைத்து, டிஃபிப்ரிலேட்டரைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்து வைத்துவிட்டுத்தான் மற்ற வேலை. மருந்து கலக்கும் பத்து நிமிடம் சிலருக்கு அதிகம்.

நோயாளி நிலையாக இருந்தால் பன்னிரண்டு லீட் இ.சி.ஜி. எடுங்கள். மானிட்டர் திரையை வைத்து முடிவு செய்ய வேண்டாம். அந்த இ.சி.ஜி.யில் மூன்று விஷயங்களை டாக்டர் பார்த்தாரா என்று கேட்பதில் கூச்சமே தேவையில்லை.

முதலாவது, துடிப்பு மிக வேகமாகவும், ஒழுங்கில்லாமலும், அலைகள் அகலமாகவும் இருக்கிறதா? பிறவியிலேயே இதயத்தில் கூடுதல் மின்பாதை உள்ள டபிள்யூ.பி.டபிள்யூ. நோயாளிக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் வந்தால் இப்படித்தான் தெரியும். அவருக்கு அமியோடரோன் ஊசி கீழறைகளையும் நடுங்கச் செய்து உயிருக்கே உலை வைக்கக்கூடும். இரண்டாவது, க்யூ.டி. இடைவெளி, அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் கீழறைகள் மின்தூண்டல் பெற்று மறுபடி பழைய நிலைக்குத் திரும்ப ஆகும் நேரம், ஏற்கெனவே நீண்டிருக்கிறதா? மூன்றாவது, நோயாளியின் பழைய இ.சி.ஜி. கிடைத்தால் அதில் இதயத்தின் மின்தடை, அதாவது ஹார்ட் பிளாக், அல்லது நாடி மிகவும் மெதுவாக இருந்த வரலாறு தெரிகிறதா? பேஸ்மேக்கர் இல்லாமல் இரண்டாம், மூன்றாம் நிலை பிளாக் உள்ளவருக்கும், இதயம் தளர்ந்து அதிர்ச்சி நிலையில் இருப்பவருக்கும், அயோடின் ஒவ்வாமை உள்ளவருக்கும் இந்த ஊசி தடை.

அடுத்தது உறவினரிடம் கேட்க வேண்டிய கேள்வி. “படபடப்பு எப்போது ஆரம்பித்தது?” இதற்கு ‘ரெண்டு மூன்று நாளாகவே’ என்று பதில் வந்தால் அதைக் கேஸ் ஷீட்டில் எழுதி, டாக்டரிடம் வாயாலும் சொல்லுங்கள். மேலறைகள் பல மணி நேரம் நடுங்கிக்கொண்டிருந்தால் உள்ளே ரத்தம் உறையலாம். அமியோடரோன் துடிப்பைத் திடீரென்று சீராக்கும்போது அந்தக் கட்டி கிளம்பி மூளைக்குப் போகலாம். ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து இல்லாமல் துடிப்பைச் சீராக்க 48 மணி நேரம் வரை பொறுக்கலாம் என்பது நாங்கள் படித்த கணக்கு. 2024-இல் வந்த ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் வழிகாட்டுதல் அதை 24 மணி நேரமாகக் குறைத்துவிட்டது. படபடப்பு ஆரம்பித்த நேரத்தைச் சரியாகக் கேட்டு எழுதுகிற செவிலியர், ஒரு பக்கவாதத்தைத் தடுக்கக்கூடும்.

ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம், மெக்னீசியம் இரண்டும் முதலில் வேண்டும். வயிற்றுப்போக்கோடு வந்தவர், நீர் மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் கட்டாயம். பொட்டாசியம் 4-க்கும் மெக்னீசியம் 2-க்கும் மேல் இருக்கும்படி பார்த்துக்கொள்வது இதய வார்டுகளின் வழக்கம். அவை குறைந்திருக்கும்போது க்யூ.டி.யை நீட்டும் மருந்து கொடுப்பது, ஒரு தாறுமாறான துடிப்பை அடக்கப்போய் அதைவிட மோசமான ஒன்றை அழைத்துவருவதாகிவிடும். கல்லீரல், தைராய்டு பரிசோதனைகளுக்கும் இந்த முதல் ரத்தத்திலேயே அனுப்பிவிடுங்கள். முடிவு வரும்வரை டிரிப் காத்திருக்காது. ஆனால் மருந்து போவதற்கு முன் எப்படி இருந்தது என்ற கணக்கு பிற்பாடு தேவைப்படும்.

மாத்திரைப் பையைக் கொட்டிப் பாருங்கள். டிகாக்சின் என்ற இதய மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அமியோடரோன் சேர்ந்தால் டிகாக்சினின் அளவு ரத்தத்தில் ஏறும். வழக்கமாகப் பாதியாகக் குறைப்பார்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின், அசினோகூமரால் வகை மருந்துகளின் வேகமும் கூடும். அது உடனே தெரியாது, மூன்று நான்கு நாள் கழித்துப் பல் ஈறில் ரத்தம் கசியும்போதுதான் தெரியும். பீட்டா பிளாக்கர், டில்டியாசெம், வெராபமில் கூட இருந்தால் நாடி அளவுக்கு மீறிக் குறையலாம். வாந்திக்கு ஆண்டான்செட்ரான், சளிக்கு அசித்ரோமைசின், குழப்பத்துக்கு ஹாலோபெரிடால் என்று வார்டில் சர்வ சாதாரணமாக எழுதப்படும் மூன்றும் க்யூ.டி.யை நீட்டுபவை. அமியோடரோன் ஓடும் நோயாளிக்கு இவற்றில் ஒன்று எழுதப்பட்டால் ஒருமுறை கேட்டுவிட்டுப் போடுங்கள். ஹெபடைட்டிஸ் சி-க்கு சோஃபோஸ்புவிர் எடுத்துக்கொள்கிறவர் என்றால் ஆம்பூலைக் கீழே வைத்துவிட்டுப் போனை எடுங்கள். இரண்டும் சேர்ந்தபோது நாடி ஆபத்தான அளவுக்குக் குறைந்ததாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2015-இல் எச்சரித்தது.

இரண்டாம் படி: கலக்கும் மேசையில்

இங்கேதான் நிதானம் வேண்டும்.

ஆம்பூலின் பெயரை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். ஆம்ரினோன் என்று இன்னொரு இதய மருந்து இருந்தது. இரண்டு பெயர்களும் குழம்பி நோயாளிகளுக்குப் பாதிப்பு வந்ததால்தான் 2000-இல் அமெரிக்காவில் அதன் பெயரையே இனாம்ரினோன் என்று மாற்றினார்கள். ஒரு மருந்தின் பெயரையே மாற்றும் அளவுக்கு நடந்த குழப்பம், தூக்கக் கலக்கத்தில் இருக்கும் நமக்கும் நடக்கும்.

ஓர் ஆம்பூல் 3 மி.லி., அதில் 150 மி.கி. கலக்க வேண்டியது 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸில் மட்டும். நார்மல் சலைனோடு இந்த மருந்து ஒத்துப்போகாது; தயாரிப்பாளர்களே சலைன் கூடாது என்று குறிப்பிடுகிறார்கள். “சலைன்தானே, என்ன ஆகிவிடும்?” என்பது புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் கேட்கிற கேள்வி. எல்லா மருந்தையும் சலைனில் கலந்து பழகிய கை தானாகவே சலைன் பாட்டிலுக்குப் போகும். நான் அமியோடரோன் கலக்கும்போது மேசையில் சலைன் பாட்டில் இல்லாதபடி முதலிலேயே எடுத்து வைத்துவிடுவேன். நோயாளிக்குச் சர்க்கரை நோய் இருந்தாலும் கலப்பது டெக்ஸ்ட்ரோஸில்தான். சர்க்கரை அளவைக் கூடுதலாகப் பார்த்துக்கொண்டால் போதும்.

முதல் பத்து நிமிட அளவு: ஓர் ஆம்பூல், 100 மி.லி. டெக்ஸ்ட்ரோஸில்.

தொடர் டிரிப்: ஆறு ஆம்பூல், அதாவது 900 மி.கி., 500 மி.லி. டெக்ஸ்ட்ரோஸில். ஆறு ஆம்பூல் என்பது 18 மி.லி. என்பதால் பாட்டிலிலிருந்து முதலில் 18 மி.லி. உறிஞ்சி எடுத்துவிட்டு மருந்தைச் சேர்த்தால் கணக்கு சுத்தமாக வரும். ஒரு மி.லி.க்கு 1.8 மி.கி.

மருந்தைக் கரைய வைக்க அதில் பாலிசார்பேட் 80 என்ற சோப்புத்தன்மையுள்ள பொருள் சேர்த்திருக்கிறார்கள். பாட்டிலைக் குலுக்கினால் நுரைத்துவிடும். இரண்டு மூன்று முறை மெதுவாகத் தலைகீழாகப் புரட்டினால் போதும். அதே பாலிசார்பேட் பி.பி.யையும் இறக்கும், அதைப் பற்றிப் பின்னால் வருகிறேன்.

பாட்டில் எதனால் ஆனது என்றும் பாருங்கள். பி.வி.சி. பைகளின் உட்சுவரில் மருந்து கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடும் டிரிப்புக்குக் கண்ணாடி பாட்டில் அல்லது பாலியோலெஃபின் பாட்டில் வேண்டும்.

நீர்க்கக் கலப்பதும் தவறு. 500 மி.லி.யில் இரண்டு ஆம்பூலுக்குக் குறைவாகப் போட்டால் கரைசல் நிலையாக இருக்காது. ‘மெல்ல மெல்லப் போகட்டும்’ என்று ஓர் ஆம்பூலைப் பெரிய பாட்டிலில் விடும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. நல்லெண்ணம்தான், ஆனால் பயனில்லாமல் போகும்.

லேபிளில் மருந்தின் பெயர், மொத்த மி.கி., ஒரு மி.லி.க்கு எத்தனை மி.கி., கலந்த நேரம், கலந்தவர் பெயர், சரிபார்த்தவர் பெயர் எல்லாம் இருக்கட்டும். உயர் எச்சரிக்கை மருந்துகள் வரிசையில் வருவதால் இரண்டாவது செவிலியர் ஒருவர் தனியாகக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். நீங்கள் போட்ட கணக்கைக் காட்டி ‘சரிதானே?’ என்று கேட்டால் எல்லோரும் சரி என்றுதான் சொல்வார்கள். விடையைக் காட்டாமல் கேளுங்கள்.

மூன்றாம் படி: எந்த வழியாக?

நாம் ‘நரம்பு ஊசி’ என்று சொல்வது உண்மையில் ரத்தக்குழாய் ஊசி. அந்தக் குழாயை அரிக்கும் குணம் அமியோடரோனுக்கு உண்டு. ஒரு மி.லி.க்கு 2 மி.கி.க்கு மேல் அடர்த்தியாக, ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடுவதாக இருந்தால் கழுத்திலோ தோளடியிலோ போடும் சென்ட்ரல் லைன் வழியாகத்தான் போக வேண்டும். மேலே சொன்ன 1.8 என்ற அளவு அதற்குக் கீழே நிற்பதால் கை வழியாகவும் ஓட்டலாம். அப்படி ஓட்டும்போது முழங்கைக்கு அருகில் உள்ள பெரிய குழாய், புதிதாகப் போட்ட வென்ஃப்ளான் (கையில் குத்தி வைக்கும் ஊசிக்குழாய்), மருந்துக்கு என்று தனி லைன். புறங்கையில் இரண்டு நாளாக இருக்கும் சின்ன ஊசி வேண்டாம். லைனில் ஃபில்டர் ஒன்றைச் சேர்ப்பது நல்லது.

ஹெபாரின், சோடா பைகார்ப், அமினோஃபைலின், ஃபியூரோசமைடு எதுவும் அதே லைனில் போகக் கூடாது. வெள்ளையாகத் திரிந்துவிடும். லைனைக் கழுவுவதும் டெக்ஸ்ட்ரோஸால்தான்.

இதை எழுதும்போது ஒரு பாட்டி நினைவுக்கு வருகிறார். நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டு. “கை எரிகிறதம்மா” என்று மூன்று முறை சொன்னார். ஊசி போட்ட கை எரியத்தான் செய்யும் என்று சமாதானம் சொல்லிவிட்டு நான் பி.பி. எழுதிக்கொண்டிருந்தேன். நான்காவது முறை போர்வையை விலக்கிப் பார்த்தேன். வென்ஃப்ளானிலிருந்து முழங்கை வரை சிவப்புக் கோடு ஓடியிருந்தது. தொட்டால் கயிறு போலத் தடித்திருந்தது. துடிப்பு சீராகி அவர் வீட்டுக்குப் போன பிறகும் அந்தக் கை ஆற மூன்று வாரம் ஆனது. அன்றிலிருந்து அமியோடரோன் ஓடும் கையை நான் போர்வைக்குள் விடுவதில்லை. மணிக்கு ஒருமுறை ஊசி இடத்தைக் கண்ணால் பார்ப்பது, விரலால் தொடுவது, நோயாளியைக் கேட்பது ஆகிய மூன்றும் உண்டு.

எரிச்சல், சிவப்பு, வீக்கம் எது வந்தாலும் டிரிப்பை நிறுத்துங்கள். மருந்து தோலுக்கடியில் கசிந்திருந்தால் ஊசியை உருவுவதற்கு முன் அதன் வழியாகவே சிரிஞ்சால் உறிஞ்ச வருவதை உறிஞ்சுங்கள். கையைத் தலையணை மேல் உயர்த்தி வைத்து, டாக்டரிடம் சொல்லி, மறுகையில் புது லைன்.

நான்காம் படி: முதல் பத்து நிமிடம்

100 மி.லி. பத்து நிமிடத்தில் போக வேண்டும் என்றால் பம்பில் மணிக்கு 600 மி.லி. வேகம். இந்தப் பத்து நிமிடமும் கட்டில் பக்கத்திலேயே நில்லுங்கள். வேறு நோயாளியின் மணி அடித்தால் இன்னொருவரை அனுப்புங்கள்.

அதிகம் வரும் தொந்தரவு பி.பி. விழுவது. ஊசிக்கான ஆய்வுகளில் நூற்றில் 16 பேருக்கு வந்திருக்கிறது. வேகமாகப் போனால் இன்னும் அதிகம். எனவே இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை பி.பி. பாருங்கள். மேல் அளவு 90-க்குக் கீழே போனாலோ, வியர்த்து முகம் வெளுத்தாலோ வேகத்தைக் குறையுங்கள் அல்லது நிறுத்துங்கள், டாக்டரைக் கூப்பிடுங்கள். பி.பி. ஏற்கெனவே தாழ்வாக இருப்பவருக்குப் பத்து நிமிடத்தில் வேண்டாம், அரை மணி, ஒரு மணி நேரத்தில் போகட்டும் என்று டாக்டர்கள் மாற்றி எழுதுவதும் உண்டு.

சிரிஞ்சில் எடுத்து நேராகத் தள்ளிவிடும் அவசரம் எந்தச் சூழலிலும் வேண்டாம். சி.பி.ஆர். மட்டும் விதிவிலக்கு. மிக அடர்த்தியாகவும் மிக வேகமாகவும் செலுத்தியதால் கல்லீரல் கருகி இறந்தவர்களும் இருக்கிறார்கள்.

ஐந்தாம் படி: மணிக்கு 600-ஐ மறக்காமல் மாற்றுவது

இதற்கு ஒரு தனித் தலைப்பே கொடுத்திருக்கிறேன். பத்து நிமிடம் முடிந்தது, சின்ன பாட்டில் காலி, பெரிய பாட்டிலைத் தொங்கவிட்டு அதே பம்பில் அதே லைனை மாட்டுகிறோம். பம்பில் இன்னும் 600 இருக்கிறது. ஸ்டார்ட் அழுத்தினால் 900 மி.கி.யும் ஐம்பது நிமிடத்தில் உள்ளே போய்விடும். ஒரு நாள் முழுக்கப் போக வேண்டிய மருந்து அது.

அதனால் சின்ன பாட்டில் முடிந்ததும் பம்பை அணைத்து, எண்ணை அழித்து, புதிதாகப் போடுங்கள். கணக்கு இதுதான்:

முதல் ஆறு மணி நேரம், நிமிடத்துக்கு 1 மி.கி.: மணிக்கு 33 மி.லி.
அடுத்த பதினெட்டு மணி நேரம், நிமிடத்துக்கு அரை மி.கி.: மணிக்கு 17 மி.லி.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று இருக்கிறது. ஆறு மணி நேரத்தில் 200 மி.லி. போகும். பதினெட்டு மணி நேரத்தில் 300 மி.லி. போகும். கூட்டினால் சரியாக 500. யார் இதை முதலில் வகுத்தார்களோ, பாட்டிலைப் பார்த்தாலே சரிபார்க்கும்படி வகுத்திருக்கிறார்கள். வேகத்தை மாற்றும் அந்த ஆறாவது மணியில் பாட்டிலில் 300 மி.லி. கோட்டருகே கரைசல் நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் எங்கோ தவறு.

எனக்கு ஒருமுறை நின்றது 360-இல். பம்ப் பழுது, வேறு பம்ப் இல்லை, சின்னச் சொட்டாக விழும் மைக்ரோ செட்டில் சொட்டு எண்ணி ஓட்டியிருந்தார்கள். நிமிடத்துக்கு 33 சொட்டு, ஒரு சொட்டும் பிசகாமல் எண்ணியிருந்தார் அந்தச் செவிலியர். நாடி 150-இல் இருந்து இறங்கவே இல்லை. மருந்து வேலை செய்யவில்லை, இன்னொரு 150 மி.கி. கொடுக்கலாமா என்று டூட்டி டாக்டர் யோசித்துக்கொண்டிருந்தார். மருந்து போயிருந்தால்தானே வேலை செய்யும்? பாலிசார்பேட் கலந்த கரைசல் சோப்புத் தண்ணீர் மாதிரி. அதன் சொட்டு சாதாரண டெக்ஸ்ட்ரோஸ் சொட்டைவிடச் சிறியது. 60 சொட்டு ஒரு மி.லி. என்ற கணக்கு இங்கே செல்லாது. சொட்டு எண்ணி ஓட்டினால் 30 சதவீதம் வரை மருந்து குறைவாகப் போகலாம். இன்ஃப்யூஷன் பம்ப் கட்டாயம் என்பது இதனால்தான். பம்ப் வேறு வார்டிலிருந்து வர இருபது நிமிடம் ஆகும் என்றால் அந்த இருபது நிமிடத்தில் என்ன செய்வது என்று டாக்டரைக் கேளுங்கள். சொட்டுக் கணக்கில் இரவை ஓட்டாதீர்கள்.

சிரிஞ்ச் பம்ப் மட்டுமே உள்ள இடங்களில் 300 மி.கி.யை 50 மி.லி. ஆக்கி ஓட்டுவார்கள். அது ஒரு மி.லி.க்கு 6 மி.கி.; சென்ட்ரல் லைனில் மட்டும். அப்போது வேகம் மணிக்கு 10 மி.லி., பிறகு 5 மி.லி. ஷிஃப்ட் மாறும்போது ‘பத்தில் ஓடுகிறது’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். எந்த அடர்த்தியில் பத்து என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஆறாம் படி: மிச்சமுள்ள நாள்

முதல் ஒரு மணி நேரம் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறையும், பிறகு நிலைமையைப் பொறுத்து மணிக்கு ஒருமுறையும் பி.பி., நாடி. நாடி 50-க்குக் கீழே வந்தால் தகவல் சொல்லுங்கள். துடிப்பு சீராகிவிட்டது போலத் தெரிந்தால் நேரத்தைக் குறித்து ஓர் இ.சி.ஜி. எடுத்து ஒட்டிவிடுங்கள். க்யூ.டி. இடைவெளி 500 மில்லி நொடியைத் தாண்டினால் டாக்டர் உடனே அறிய வேண்டும். பொட்டாசியத்தை இன்னொரு முறை பார்க்க இதுவே நேரம்.

இடையில் துடிப்பு மறுபடி தாறுமாறானால் 150 மி.கி. மீண்டும் பத்து நிமிடத்தில் கொடுக்கச் சொல்வார்கள். அப்போது மொத்தக் கணக்கை எழுதி வையுங்கள். ஒரு நாளில் 2,100 மி.கி.யைத் தாண்டியவர்களுக்குப் பி.பி. விழும் ஆபத்து கூடியிருக்கிறது. இந்த மருந்துக்கு முறிவு மருந்து இல்லை. டயாலிசிஸ் செய்தும் வெளியேற்ற முடியாது.

உறவினர்களுக்கு ஒரு வார்த்தை. பம்பில் பீப் ஒலி கேட்டால் நீங்களாகப் பொத்தானை அழுத்தாதீர்கள், சிஸ்டரைக் கூப்பிடுங்கள். நோயாளி கை எரிகிறது, தலை சுற்றுகிறது, மூச்சு வாங்குகிறது என்று சொன்னால் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். எங்களுக்கு அது தொந்தரவே இல்லை.

கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் இந்த ஊசி தனி ஆட்டம். மருந்து நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையின் தைராய்டைத் தொடும். பல ஆம்பூல்களில் சேர்ந்திருக்கும் பென்சைல் ஆல்கஹால் பச்சிளங்குழந்தைகளுக்கு நஞ்சு. அவர்களுக்கான அளவை இங்கே எழுதப்போவதில்லை. அது குழந்தை இதய மருத்துவரின் வேலை.

இதயம் நின்றுவிட்டால்

மேலே சொன்ன நிதானமெல்லாம் இங்கே பொருந்தாது. கீழறைகள் நடுங்கி நாடி இல்லாமல் போன நிலையில் சி.பி.ஆர். தொடர்கிறது, மூன்று முறை ஷாக் கொடுத்தும் துடிப்பு திரும்பவில்லை என்றால் 300 மி.கி. அதாவது இரண்டு ஆம்பூல், வேகமாக ஒரே தள்ளலில். பின்னாலேயே 20 மி.லி. திரவத்தால் தள்ளி, கையை உயர்த்திப் பிடியுங்கள். தேவைப்பட்டால் இன்னொரு 150 மி.கி. ஊசிக்காக நெஞ்சை அழுத்துவதை ஒரு நொடிகூட நிறுத்தக் கூடாது. எமர்ஜென்சி டிராலியில் மூன்று ஆம்பூலாவது இருக்கிறதா என்று ஷிஃப்ட் ஆரம்பத்திலேயே எண்ணிவிடுங்கள்.

டிரிப்பிலிருந்து மாத்திரைக்கு, மாத்திரையோடு வீட்டுக்கு

எல்லோருக்கும் மாத்திரை தொடராது. சிலருக்கு ஒரு நாள் டிரிப்போடு கதை முடிந்துவிடும். தொடர்கிறவர்களுக்கு முதல் வாரங்களில் மாத்திரை அதிகமாகவும் பிறகு படிப்படியாகக் குறைவாகவும் இருக்கும். ‘ஒன்று, ஒன்று, ஒன்று’ என்று எழுதியிருப்பது எந்தத் தேதி வரை, எப்போது ஒரு வேளையாகும் என்பதைத் தேதி போட்டு எழுதிக் கொடுங்கள். வாரக் கணக்கில் சொன்னால் வீட்டில் குழம்பிவிடும்.

நீண்டநாள் சாப்பிடுகிறவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை தைராய்டு, கல்லீரல் பரிசோதனை. வறட்டு இருமலோ, படி ஏறும்போது புதிதாக மூச்சிரைப்போ வந்தால் உடனே டாக்டரிடம் போக வேண்டும்; நுரையீரலை இந்த மருந்து கெடுக்கக்கூடும். வெயில் பட்டால் தோல் சட்டென்று கருகும் என்பதால், வயல் வேலைக்கும் கட்டட வேலைக்கும் போகிறவர்களுக்கு முழுக்கைச் சட்டையும் தலைத் துண்டும் மருந்துச் சீட்டின் ஒரு பகுதிதான். கிரேப்ஃப்ரூட் கூடாது என்று சீட்டில் அச்சிட்டிருக்கும். நம் பக்கத்தில் அது அபூர்வம். அதன் தாய்ப்பழமான பம்பளிமாஸ் வீட்டு முற்றத்திலேயே காய்க்கும். அதையும் தவிர்ப்பது நல்லது.

பல மாதம் மாத்திரை சாப்பிட்டு நிறுத்தினாலும் மருந்து உடம்பின் கொழுப்பில் தங்கி, வாரங்கள், மாதங்கள் கழித்தும் வேலை செய்துகொண்டிருக்கும். நிறுத்தி இரண்டு மாதம் கழித்துச் சளி என்று போனவருக்கு அசித்ரோமைசின் எழுதும் டாக்டருக்கு இது தெரிய வாய்ப்பில்லை. ஆகவே டிஸ்சார்ஜ் சீட்டின் பின்பக்கத்தில் மருந்தின் பெயரையும் ஆரம்பித்த தேதியையும் பெரிய எழுத்தில் எழுதி, ‘நிறுத்திய தேதி’ என்று ஒரு கோடு போட்டு இடம் விட்டுக் கொடுக்கிறேன். அந்த இடத்தை நிரப்ப வேண்டியவர் வீட்டில் மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவர். அந்தச் சீட்டைக் காய்ச்சலுக்குப் போனாலும் பல் பிடுங்கப் போனாலும் கையில் எடுத்துப் போகச் சொல்லுங்கள்.